பம்பர் பெயிண்ட் உரிந்ததற்கு மெஷின் காரணமா?

கார் கழுவும் பிரஷர் வாஷர் மெஷினை மாற்ற வேண்டாம், தண்ணீர் பீய்ச்சும் அதன் முனையை, அதாவது நாசிலை மாற்றுங்கள். 130 பார் அழுத்தமுள்ள மெஷினில் சிவப்பு நாசில் போட்டுக் கழுவியபோது பின் பம்பர் ஓரத்தில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தது என்கிறீர்கள். சிவப்பு என்றால் 0 டிகிரி, தண்ணீர் முழுக்க ஒரே புள்ளியில் குவியும். அது காருக்கு ஆகவே ஆகாது. வெள்ளை நாசில், அதாவது 40 டிகிரி போடுங்கள். இரண்டடி தள்ளி நின்று, கொஞ்சம் சாய்வாக அடித்தால் போதும்.

ஆனால் கம்பெனி பெயிண்ட் அவ்வளவு சுலபத்தில் செதிலாக வராது. அந்தப் பம்பர் எப்போதோ இடிபட்டு மறுபடி பெயிண்ட் அடித்ததாக இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. பிளாஸ்டிக்கில் பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் பூசும் பூச்சு) சரியாகப் பிடிக்காவிட்டால் ஓரத்தில் தண்ணீர் நுழைந்து அடியோடு தூக்கிவிடும்.

உரிந்த இடத்துக்குப் பக்கத்தில் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பெயிண்டும் சேர்ந்து வந்தால், மறுபெயிண்ட் அடிக்கும்வரை அங்கே பக்கெட்டும் துணியும்தான்.

அப்புறம், நாசிலைக் கழற்றும் முன் மெஷினை அணைத்து, டிரிக்கரை அழுத்தி மிச்ச அழுத்தத்தை விட்டுவிடுங்கள். நாசிலுக்கு முன்னால் விரலைக் கொண்டுபோகவே வேண்டாம். தண்ணீர் தோலைத் துளைத்தால் வெளியே ஊசி குத்திய தடம் அளவுதான் தெரியும், உள்ளே திசு கிழிந்திருக்கும். வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டயரின் பக்கச்சுவரிலும் கிட்டே வைத்து அடிக்காதீர்கள், ரப்பர் சேதமாகும்.