என்சாண்டட் ஹைவே: ஒரே ஒரு சிற்பத்தோடு திரும்பிவிடலாமா?

கேள்வி: மினியாபொலிஸிலிருந்து ஐ-94 வழியாகக் குழந்தைகளுடன் மேற்கே காரில் செல்கிறோம். நார்த் டகோட்டாவின் என்சாண்டட் ஹைவேயில் உள்ள இரும்புச் சிற்பங்களைக் காண எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் பறவைச் சிற்பத்தை மட்டும் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. எக்ஸிட் 72 அருகே மேட்டில் நிற்கும் அந்த வாத்துக் கூட்டம் 110 அடி உயரமும் 154 அடி அகலமும் கொண்டது. பழைய இரும்பால் ஆன உலகின் மிகப் பெரிய சிற்பமென 2002-இல் கின்னஸில் இடம்பெற்றதால் பலரும் அதைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். ஆனால், ஆசிரியராகவும் பள்ளி முதல்வராகவும் இருந்த கேரி கிரெஃப், தம் ஊரான ரீஜென்ட் ஆளில்லாமல் தேய்ந்துவருவதைக் கண்டு, பயணிகளை அங்கு வரவழைப்பதற்காகவே 1989-இல் இப்பணியைத் தொடங்கினார். எனவே தெற்கே 32 மைல் சென்று அவ்வூரை அடைவதுதான் முறையான பயணம்.

நிற்காமல் ஓட்டினால் முக்கால் மணி நேரத்துக்குள் ரீஜென்ட் வந்துவிடும். ஒவ்வொரு சிற்பத்தருகிலும் வண்டியை நிறுத்த இடம் உண்டு. இறங்கி நடந்து பார்ப்பதையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மான்கள், வெட்டுக்கிளிகள், துள்ளும் டிரவுட் மீன் என்று வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் சம நேரம் தர வேண்டியதில்லை. ஃபெசன்ட் பறவைகளிடம் மட்டும் அவசரப்படாதீர்கள். தொலைவில் கனத்த உடலாகத் தெரியும் 40 அடிச் சேவல், அருகே போனதும் வெறும் கம்பி வலையாகி, அதன் ஊடாக வானம் தெரியும். அடுத்து வரும், முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் குதிரைச் சவாரியோ, எண்ணெய்க் கிணற்றின் பழைய குழாய்களை வளைத்து 51 அடி உயரத்துக்கு வானத்தில் வரைந்த கோட்டோவியம். என் கணிப்பில் முழுச் சாலையிலும் சிறந்தது இதுவே. 1991-இல் எழுந்த முதல் சிற்பமான தகரக் குடும்பம் ரீஜென்டுக்கு அருகே நிற்பதால், வடக்கிலிருந்து வருபவர் அதைக் கடைசியில்தான் காண்பார்.

உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். காலையோ மாலையோ உகந்தது. இப்பகுதி மினியாபொலிஸைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிய மவுண்டன் நேரத்தைப் பின்பற்றுவதால் உங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். வெயிலில் காய்ந்த இரும்பு கையைச் சுடும் என்பதாலும், விளிம்புகள் கூராக இருக்கலாம் என்பதாலும் குழந்தைகளை ஏறவிட வேண்டாம். சுற்றியிருப்பவை தனியார் வயல்கள். வேலியைத் தாண்டக் கூடாது. கட்டணம் கிடையாது, ஆனால் பராமரிப்புக்கு நன்கொடை தரலாம்.

வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ரீஜென்டிலிருந்து 21-ஆம் எண் சாலையில் மேற்கே நியூ இங்கிலாந்து என்ற சிற்றூருக்குச் சென்று, அங்கிருந்து 22-ஆம் எண் சாலையில் வடக்கே திரும்பினால் டிக்கின்சனில் மீண்டும் ஐ-94-ஐப் பிடிக்கலாம். சிற்பச் சாலையில் வசதிகள் மிகக் குறைவு என்பதால், பெட்ரோலையும் குடிநீரையும் வழியில் வரும் பிஸ்மார்க் நகரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.