கேம் கதையை விதிகள் எப்படி மாற்றுகின்றன?

சின்னதாக ஒரு கேம் செய்துகொண்டிருப்பதாகவும், கதையை முதலில் எழுதி முடித்துவிட்டு விளையாடும் முறையை அப்புறம் யோசிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். விளையாடும் முறையே கதையின் பாதியைச் சொல்லிவிடும்.

2013இல் வந்த 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' விளையாடியிருக்கிறீர்களா? (முடிவைச் சொல்லப் போகிறேன், தெரிய வேண்டாம் என்றால் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.) கன்ட்ரோலரின் இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தம்பி. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம், அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். கடைசியில் அண்ணன் இறந்துவிட, நம் இடது கைக்கு வேலை இல்லாமல் போகிறது. அப்புறம் தம்பி தனியாகத் தண்ணீரில் இறங்கியாக வேண்டும். அவனுடைய பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் நகர மாட்டான். சும்மா கிடந்த அண்ணனின் பட்டனை அழுத்தினால் நீந்தத் தொடங்குகிறான்! இந்த கேமில் எல்லோரும் பேசுவது ஒரு கற்பனை மொழி, ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

இதற்கு நேர்மாறும் உண்டு. கட்சீனில், அதாவது நாம் விளையாடாமல் பார்க்க மட்டும் வரும் காட்சியில், உயிரின் மதிப்பைப் பற்றி உருகும் நாயகன், அது முடிந்ததும் நம் கையில் நூறு பேரைச் சுட்டுத் தள்ளுவான். கதையும் விளையாட்டும் இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எவ்வளவு நல்ல வசனமும் ஒட்டாது.

லூகாஸ் போப் உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற கேம் உங்களுக்கு இன்னும் உதவும். அதுவும் 2013தான். எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்ப்பது நம் வேலை. எத்தனை பேரைச் சரியாகச் சோதிக்கிறோமோ அதற்கேற்பச் சம்பளம், அதில்தான் வீட்டு வாடகையும் சாப்பாடும். ஒரு நாள் கணவன் ஒருவன் சரியான ஆவணங்களோடு உள்ளே போகிறான். பின்னால் வரும் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை, கெஞ்சுகிறாள். அவளை உள்ளே விட்டால் அது நம் தவறாகக் கணக்கில் சேரும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டும், மூன்றாவதிலிருந்து அபராதம். அதனால் அந்த இரண்டு தவறுகளை, கெஞ்சி வருபவர்களுக்கென்று பத்திரமாக ஒதுக்கிவைக்கத் தொடங்குகிறோம். கவனக்குறைவில் ஒன்றை வீணாக்கிவிட்டால் யாரோ ஒருவருடைய வாய்ப்பைப் பறித்துவிட்டதுபோல மனசு அடித்துக்கொள்ளும். இத்தனையும் ஓர் அபராத விதி செய்யும் வேலை.

உங்கள் நாயகன் எந்த இடத்தில் தயங்குகிறான் என்று பாருங்கள். முதலில் அங்கே விளையாடுபவர் தயங்கும்படி ஒரு விதியை வைத்துச் சோதியுங்கள், வசனம் அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.