சோற்றுத் தட்டருகே போனால் உறுமும் நாய்

வணக்கம். உங்கள் 2 வயது ராஜபாளையம் சாப்பிடும்போது பக்கத்தில் போனாலே உறுமுகிறது, "தட்டைப் பிடுங்கி நாலு அடி போடுங்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உறுமல் நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அடித்து அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அப்புறம் உறுமாமலே கடிக்கலாம்.

ஆள் வந்தால் சோறு போய்விடும் என்று அது பயப்படுகிறது. அந்த நினைப்பைத்தான் மாற்ற வேண்டும். எவ்வளவு தூரத்தில் நீங்கள் நின்றால் நிம்மதியாகச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். ஏழெட்டு அடி என்று வையுங்கள். அங்கிருந்து வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுங்கள். எலும்பு, உப்பு, வெங்காயம் எதுவும் வேண்டாம். ஒரு வேளைக்கு நாலைந்து முறை போதும். உங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கி ஆசையாக எதிர்பார்க்க ஆரம்பித்தால் அரை அடி கிட்டே போகலாம். உடம்பு விறைத்தாலோ, அவசரமாக விழுங்கினாலோ பின்வாங்குங்கள். எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு இதற்கு ஒன்றரை மாதம் ஆனது. முதல் வாரம் ஒன்றுமே மாறாமல் கலங்கிப்போனேன்.

உங்கள் வீட்டில் 4 வயதுக் குழந்தை இருப்பதுதான் எனக்குக் கவலை. சாப்பாட்டு நேரத்தில் குழந்தை அந்தப் பக்கமே போகாதபடி கதவைச் சாத்திவிடுங்கள். பயிற்சியைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். இது திடீரென்று வந்த பழக்கம் என்றால் பல்வலி, காதுவலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தவறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் சரி.