வியன்னா உடன்படிக்கையும் ஏற்றுமதியும்: உங்கள் ஆய்வுக் கேள்வி குறித்து

வணக்கம் தம்பி. நாடுகளுக்கிடையிலான பொருள் விற்பனைக்குப் பொது விதிகளை வகுக்கும் 1980ஆம் ஆண்டின் வியன்னா விற்பனை உடன்படிக்கையில் இணைந்த நாடுகளின் ஏற்றுமதி கூடியிருப்பதைக் காட்டினால் சட்ட ஒத்திசைவின், அதாவது நாடுகளின் சட்டங்களை ஒன்றுபடுத்துவதன், பயன் நிறுவப்பட்டுவிடுமா என்று வவுனியாவிலிருந்து கேட்டிருந்தீர்கள். நிறுவப்படாது. வணிகம் ஏற்கெனவே பெருகிவரும் நாடுகள் இணைய முனையலாம் என்பதால் காரணமும் விளைவும் இடம்மாறிவிடும். அதோடு, 6ஆம் உறுப்புரையின்படி விற்பவரும் வாங்குபவரும் தங்கள் ஒப்பந்தத்துக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாதென முற்றாக விலக்கவும் முடியும்; ஆகவே இணைந்த நாட்டின் ஏற்றுமதியெல்லாம் அதன்கீழ் நடந்ததென்றும் கொள்ள முடியாது.

முல்லைத்தீவுக் கரையில் ஈரச் சாக்குப் போர்த்திக் கூடையில் அனுப்பும் உயிர் நண்டை எண்ணிப் பாருங்கள். வழியில் அது செத்தால் இழப்பு யாருக்கு? குறித்த இடத்தில் ஒப்படைக்கும் கடப்பாடு இல்லாதபோது, சரக்கை ஏற்றிச் செல்லும் முதலாமவரிடம் கொடுத்தவுடன் இடர் வாங்குபவருக்கு மாறும் என்பது வியன்னா விதி. ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவிய எங்கள் இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலோ, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, சொத்துரிமையோடு சேர்ந்தே இடரும் மாறும். இந்த வேறுபாட்டை அறிந்து பேசித் தீர்க்க ஆகும் செலவைத்தான் நீங்கள் அளக்க வேண்டும். இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வேரிலிருந்து முளைத்தது என்பதால், இந்தியாவுடனான வணிகத்தில் அந்தச் செலவு சிறிதாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. ஏற்றுமதித் தொகைகளை விட்டு, ஏற்றுமதியாளர்களின் ஒப்பந்தங்களில் எந்த நாட்டுச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.