மலைவாழையின் தோல் சுருங்கிக் கறுத்துவிட்டால் தூக்கிப் போட வேண்டுமா? ஏன் இவ்வளவு விலை?

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தோல் சுருங்கிய பிறகுதான் இந்தப் பழத்துக்கு ருசியே ஏறும். ஒன்றை உரித்துப் பாருங்கள். தோல் காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். உள்ளே சதை மட்டும் குழையாமல், லேசான புளிப்போடு தேன் மணம் மணக்கும். நீர்ச்சத்து குறைவு என்பதால்தான் இப்படி. பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி, சிறுமலை என்கிற மலைவாழைப் பழங்களைத் தேடிப்பிடித்து வாங்குவதும் இதனால்தான். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. நீர் விடாத பழம் இருந்தால்தான் நாள்பட நிற்கும். ஃபிரிட்ஜில் வைக்காமல் காற்றாடத் தொங்க விடுங்கள்.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்குக் கீழே, கீழ்ப்பழநி மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம். தாண்டிக்குடி, ஆடலூர், பன்றிமலை, பாச்சலூர் எல்லாமே மலைவாழைக்குப் பேர்போன ஊர்கள். திண்டுக்கல்லுக்குத் தெற்கே சிறுமலையும் அப்படித்தான். 2008-ல் விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு கிடைத்தது. காபிச் செடிகளுக்கு நடுவே, சரிவில், மழையை நம்பி வளர்கிற மரம் இது. ஒரு தடவை நட்டால் பக்கக்கன்று விட்டுப் பல வருஷம் பலன் தரும். சமவெளியில் நட்டாலும் தார் போடும், ஆனால் இந்த மணம் வருவதில்லை.

விலைக்குக் காரணம் முடிக்கொத்து நோய். கீழ்ப்பழநி மலையில் ஒரு காலத்தில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, இந்த நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனது. இது வைரஸ் நோய். வாழை அசுவினி என்கிற பூச்சி மரத்துக்கு மரம் பரப்பும். இலைக்காம்பிலும் நடுநரம்பை ஒட்டியும் கரும்பச்சையில் விட்டுவிட்டுக் கோடுகள் தெரியும். அடுத்தடுத்து வரும் இலைகள் குட்டையாகி, விரியாமல், உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். அந்த மரம் தார் தள்ளுவது அபூர்வம். மருந்தடித்து வைரஸைப் போக்க முடியாது. முதலில் அசுவினியை ஒழித்துவிட்டு மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பது ஒன்றே வழி.

நோய் இவ்வளவு தூரம் பரவியதில் கன்றுக்குப் பெரும் பங்கு உண்டு. நோய் உள்ளே இருக்கிற மரத்தின் கன்று பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதைத் தெரியாமல் வாங்கிப் போய் அடுத்த மலையில் நட்டால் அங்கேயும் தொற்றிக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் வைரஸ் இல்லை என்று சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகளை (ஆய்வகத்தில் செடியின் திசுவிலிருந்து வளர்த்தவை) உருவாக்கிக் கொடுத்த பிறகுதான் பல தோட்டங்களில் மறுபடியும் வாழை ஏறியது. அப்படி நட்டாலும் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நோய் மரம் நின்றால் போதும், திரும்ப வந்துவிடும். அதனால் ஒருவர் மட்டும் மரத்தை அழித்துப் பயனில்லை, ஊரே சேர்ந்து செய்ய வேண்டும்.

அடுத்த முறை வாங்கும்போது பளபளவென்று மஞ்சளாக இருப்பதைத் தேடாதீர்கள். காம்பு உறுதியாக, தோலில் கரும்புள்ளி விழத் தொடங்கிய சீப்பாகப் பார்த்து எடுங்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கொடுத்து வாங்குங்கள். வாங்க ஆள் இருந்தால்தான் மலையில் இந்த வாழையை நடுவார்கள்.