நீரிணையில் யாருக்கு வழி உண்டு? கடற்சட்டக் கேள்வி பதில்

வாழைச்சேனை, பலநாள் படகு உரிமையாளர்: சேர், வேற நாட்டு 12 மைலுக்குள்ளால எங்கட படகு போகலாமா? அந்த உரிமை பெரிய கப்பலுக்கு மட்டுமா?

பதில்: 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை கப்பலின் அளவைப் பார்ப்பதில்லை. ஆள்புலக் கடலை, அதாவது கரையோர நாட்டின் ஆட்சிக்குட்பட்ட அந்த 12 மைலை, தீங்கில்லாமல் கடக்கும் உரிமை உங்கள் படகுக்கும் உண்டு. ஆனால் 18ஆம் உறுப்புரைப்படி நிற்காமல், சுணங்காமல் போகவேண்டும். இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டு நீரோட்டத்தில் மிதந்தால் அது கடப்பு ஆகாது. மீன் பிடித்தால் 19ஆம் உறுப்புரை உங்களைக் காப்பாற்றாது.

எல்லைக்கு முன்பே வலையை ஏற்றிச் சுருட்டி, மூடிக் கட்டுங்கள். தளத்தில் ஈரவலை கிடந்தால், "இங்க பிடிக்கல்ல" என்ற உங்கள் பேச்சு எடுபடாது. ஐஸ் அறையில் இருக்கும் மீன் எங்கே, எத்தனை மணிக்குப் பிடித்தது என்று லொக் புத்தகத்தில் ஜீ.பி.எஸ். புள்ளியோடு எழுதியிருக்க வேண்டும். கொடியும் பதிவெண்ணும் தெளிவாகத் தெரியட்டும்.

அவரே: எஞ்சின் பழுதானா?

பதில்: நிற்கலாம், நங்கூரமும் போடலாம். இடருக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உடனே வீ.எச்.எஃப். 16ஆம் அலைவரிசையில் இடத்தையும் பழுதையும் சொல்லி, நேரத்தைக் குறித்து வையுங்கள். ரோந்துப் படகு பக்கத்தில் வந்த பிறகு சொல்லும் பழுதை நம்பவைப்பது கஷ்டம்.

கல்முனை வாசகி: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். எங்கட நானா (அண்ணன்) எண்ணெய்க் கப்பல்ல வேலை. ஹோர்முஸை ஈரான் சட்டப்படி மூட ஏலுமா?

பதில்: வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. ஏலாது என்பதே என் உறுதியான கருத்து. பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணையின் மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் ஏறக்குறைய 21 கடல் மைல். ஈரானும் ஓமானும் ஆளுக்கு 12 கோருவதால் நடுவில் பொதுக்கடல் மிஞ்சாது. அப்படிப்பட்ட நீரிணைக்காகத்தான் இடைக்கடப்புரிமை, அதாவது எல்லா நாட்டுக் கப்பலும் தடையின்றித் தொடர்ந்து கடந்து போகும் உரிமை, வந்தது. 44ஆம் உறுப்புரை அதை இடைநிறுத்த விடுவதில்லை.

ஈரான் கையொப்பமிட்டது, ஆனால் ஏற்புறுதி செய்து அதில் சேரவில்லை. உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டுமே இந்த உரிமை என்பது அதன் வாதம். அமெரிக்காவும் சேரவில்லை. ஆனாலும் 1949இல் கோர்ஃபு கால்வாய் (பெயர்தான் கால்வாய், உண்மையில் இயற்கை நீரிணை) வழக்கிலேயே, சமாதான காலத்தில் சர்வதேசப் போக்குவரத்துக்குரிய நீரிணையில் தீங்கற்ற கடப்பைக் கரையோர நாடு தடுக்க முடியாது என்று சர்வதேச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அதனால் 1982க்கு முந்தைய இந்தப் பழைய விதியைப் பிடித்துக்கொண்டாலும் மூட வழியில்லை. சட்டம் இப்படி. பாதுகாப்பு வேறு விஷயம். நானாவின் கப்பல் அன்றன்றைய கடற்பயண எச்சரிக்கைகளைப் பார்த்தே நகரவேண்டும்.

அக்கரைப்பற்று வாசகர்: சுயஸில காசு வாங்குறாங்களே, நீரிணையில ஏன் வாங்க ஏலாது?

பதில்: சுயஸ் வெட்டிய கால்வாய், எகிப்தின் நிலத்துக்குள் ஓடுவது. நீரிணை இயற்கை வழி. கடந்ததற்காக மட்டும் கட்டணம் கேட்க முடியாது. கொடுத்த சேவைக்கு, எல்லாக் கொடிக்கும் ஒரே விதமாக வாங்கலாம். துருக்கிய நீரிணைகளுக்கு 1936ஆம் ஆண்டு மொன்ட்ரூ உடன்படிக்கை தனியாக உண்டு. அங்கே வெளிச்சவீடு, உயிர்காப்பு போன்ற சேவைகளுக்குக் கட்டணம் உள்ளது.

மட்டக்களப்பு, சட்ட மாணவர்: பாக்கு நீரிணைக்கும் இடைக்கடப்புரிமை பொருந்துமா, ஐயா?

பதில்: 1974ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தம் அதை இரு நாடுகளின் வரலாற்று நீர்ப்பரப்பாக (நெடுங்காலமாகத் தமக்கே உரியதாகக் கொண்ட கடலாக) வைத்தே எல்லை போட்டது. ஆகவே ஹோர்முஸின் விதியை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள் தம்பி. நடைமுறையிலும் இராமர் பாலத்தடியில் ஆழம் போதாது. கொழும்பிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல் தெற்கே தேவேந்திரமுனையைச் சுற்றி, நம் கிழக்குக் கரைக்கு அப்பால்தான் ஏறுகிறது.