அப்பாவின் கதைகள்: ஆயிரம் பிரதியா, இருநூறா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பா முப்பது வருஷமாக எழுதிய சிறுகதைகளைப் புத்தகமாக்கப் போகிறேன். ஏ5 அளவில் 160 பக்கம். 200 பிரதி போதும் என்று நினைத்தேன், ஆனால் ஆயிரம் அடித்தால் ஒரு பிரதியின் விலை பாதியாகிவிடும் என்கிறார் அச்சகக்காரர். கோப்பு வேறு பழைய எழுத்துருவில் இருக்கிறது. என்ன செய்யலாம்?"

200 அடியுங்கள், அதையும் டிஜிட்டலில், அதாவது பிளேட் இல்லாமல் கோப்பிலிருந்து நேராக அடியுங்கள்.

அச்சகக்காரர் சொல்வது பொய் இல்லை. ஆஃப்செட்டில் பக்கங்களுக்கு உலோகத் தகடு (பிளேட்) போட்டு மெஷினைத் தயார் செய்யும் செலவு 200க்கும் 1000க்கும் ஒன்றுதான், அதனால் எண்ணிக்கை ஏற ஏற விலை இறங்கும். ஆனால் நம் ஊரில் தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் வெளியீட்டு விழா மண்டபத்தில்தான் விற்கிறது, அப்புறம் வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு ஒன்றிரண்டாகப் போகும். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் உங்கள் புத்தகம் ஏறக்குறைய 215 கிராம் வரும். 800 பிரதி மிஞ்சினால் 170 கிலோ, பினாங்கின் ஈரக்காற்றில், கட்டிலுக்கு அடியில். கோலாலம்பூரில் எத்தனையோ எழுத்தாளர் வீடுகளில் பூச்சி அரித்த பெட்டிகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். டிஜிட்டலில் தீரத் தீர ஐம்பது ஐம்பதாக அடித்துக்கொள்ளலாம்.

எனக்குக் கவலை எழுத்துருதான். முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியும் படிக்கும் பொதுக் குறியீட்டுக்கு மாற்றுங்கள், மாற்றியதை ஒருவர் வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும். 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும், தாளில் கண்ணுக்குத் தெரியாது, நாளைக்கு மின்னூலாக்கி 'ஔவை' என்று தேடினால் கிடைக்காது. பக்கம் கட்டுபவர் இன்டிசைன் மென்பொருள் வைத்திருந்தால் அதில் தமிழ் போன்ற எழுத்துகளுக்கான வேர்ல்ட்-ரெடி கம்போசர் அமைப்பைப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 'கொ'வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அச்சுக்குப் போகும் பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே எழுத்துருவையும் சேர்த்து வைத்தாரா (உட்பொதித்தாரா) என்றும் கேளுங்கள். ஒரு கவிதைத் தொகுப்பில் இதைக் கவனிக்காமல் விட்டு, அட்டை வரை அச்சான பிறகு உள்ளே முழுக்கக் கட்டம் கட்டமாக வந்ததைப் பார்த்தேன்.

அடுத்தது வரி. தமிழ்ச் சொற்கள் நீளம், 'நினைத்துக்கொண்டிருந்தவர்களிடம்' என்று ஒன்று வந்தால் ஏ5 வரியில் பாதியை அடைத்துவிடும், இரண்டு ஓரமும் நேராக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் முந்தின வரியில் பல் விழுந்த மாதிரி இடைவெளி. சொல்லை உடைக்கலாம், ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கவே கூடாது: 'நினைத்துக்' மேலே, 'கொண்டிருந்தவர்களிடம்' கீழே. எழுத்தின் அளவு 11 புள்ளி (பாயின்ட்) என்றால் வரிக்கு வரி 16 புள்ளியாவது விடுங்கள். மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கூ'வின் வாலும் இடிக்காமல் இருக்க அவ்வளவு தேவை.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை மலேசியத் தேசிய நூலகத்தில் கட்டணமில்லாமல் வாங்கலாம். பின்னட்டையில் வர வேண்டியது, அதனால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 பிரதி அங்கே ஒப்படைக்க வேண்டும், 200இல் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

200க்கும் சரி சொல்வதற்கு முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடித்து வாங்கி, நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள், எழுத்து முதுகுக்குள் போகிறதா என்று. அப்புறம் அதை அப்பாவிடம் கொடுத்து, அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், வழக்கமான வெளிச்சத்தில் ஒரு கதையைப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கினால் எழுத்தை அரைப் புள்ளி ஏற்றுங்கள்.